காய்ச்சல் இல்லாத வீட்டில் ரொட்டி

முதலில் எழுவது மணல் சூடேறும் வாசனை; அதன் பின்னால்தான் மாவு வேகும் வாசனை, லேசான புளிப்போடு, நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறையிலிருந்து கிளம்பி வரிசை முழுக்கப் போகும். அப்பாவுக்கு மைன்ஸில் ஷிஃப்ட் வேலை என்பதால், அவருடைய 'ஆஃப்' எந்தக் கிழமையோ அதுதான் எங்களுக்கு ஞாயிறு. அன்றைக்குத்தான் அக்கா ரொட்டி சுடுவாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாரப் பத்திரிகையின் சமையல் பக்கத்தை நான் வாசித்துக் காட்ட, 'ஈஸ்ட்' என்ற சொல்லில் இருவரும் திகைத்து நின்றபோது, "பொங்கணும், அவ்ளோதானே?" என்று அக்கா புளித்த இட்லி மாவை மைதாவில் விட்டுப் பிசைந்தாள். பழைய குக்கரில் மணல் பரப்பி, வெயிட் போடாமல் சுட்டதில், கொஞ்சம் கோணலாக, ஆனால் நிஜமான ரொட்டியாகவே வந்தது.

எங்கள் பக்கத்தில் அப்போது ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. வாசனை பரவிய முதல் நாளே பக்கத்து வீட்டு நூர்ஜகான் அக்கா ஒரு டம்ளர் மிளகு ரசத்தோடு வந்து, "யாருக்குடி காய்ச்சல்?" என்று கேட்டார்.

ஒருமுறை அப்பாவின் ஆஃப் உண்மையான ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. அன்று அக்காவைப் பெண் பார்க்கத் திருவதிகையிலிருந்து வருவதாக இருந்தார்கள். ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப்போயிருந்ததால், அம்மா இதைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள். "இன்னிக்கு ஒரு நாள் அந்தக் குக்கரைத் தொடாதடி, கேசரி பஜ்ஜி போதும்" என்று கெஞ்சினாள். "பிசைஞ்ச மாவைத் தூக்கிப் போடவா?" என்று அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுருக்கினார். "யாருக்குங்க ஒடம்பு சரியில்ல? பொண்ணுக்கா?"

உதவிக்கு வந்திருந்த நூர்ஜகான் அக்கா, "காய்ச்சலெல்லாம் இல்லீங்க, பொண்ணுக்கு ரொட்டின்னா பைத்தியம்" என்று சிரித்துவைத்தார். 'பைத்தியம்' என்ற சொல் காதில் விழுந்ததும் வந்தவர்களின் முகம் இன்னும் இறுகியது. அக்காவே ஒரு துண்டு அறுத்து மாப்பிள்ளையின் அம்மா முன் வைத்து, "எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஆசைக்குச் சுடறேன், சாப்பிட்டுப் பாருங்க" என்றாள். வைத்த தட்டு வைத்தபடியே இருந்தது. "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனார்கள், சொல்லி அனுப்பவேயில்லை.

அடுத்த ஆஃப் வந்தபோது அக்கா குக்கர் பக்கமே போகவில்லை; அது பரண்மேல் கிடந்தது. முந்தின ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கி எழுந்த அப்பா அதை இறக்கி, மணலைச் சல்லடையில் சலித்துப் போட்டார். "ரொட்டி வாசனைக்கே பயந்துகினு ஓடறவங்க வூட்ல நீ போயி என்னத்தத் துன்னுவ? மாவைப் பிசை" என்றார்.

இன்று அக்கா குள்ளஞ்சாவடியில், சுட்ட ரொட்டிக்கு முதல் ஆளாகக் கை நீட்டும் ஒருவரோடு வாழ்கிறாள். நான் சென்னையில், சனிக்கிழமைகளில், ஈஸ்ட் போட்டு ஓவனில் சுடுகிறேன். கோணலே இல்லாமல் உப்பி வருகிறது. வாசனை கதவிடுக்கு வழியாக வராந்தா முழுக்கப் போகிறது. ரொட்டியை இப்போது யாரும் நோயாளிச் சாப்பாடாக நினைப்பதில்லை, நல்லதுதான். இருந்தாலும் முதல் துண்டை அறுத்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டு யாராவது ரசத்தோடு கதவைத் தட்டமாட்டார்களா என்று.