பாண் மெட்டில் ஒரு வெள்ள எச்சரிக்கை

முரசுமோட்டையில் ரஜிதனை 'படம் செய்யிற பெடியன்' என்பார்கள். தான் செய்வது லினக்ஸ் இமேஜ் என்று அவன் ஒருமுறை வாய்தவறிச் சொன்னதன் விளைவு. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதும் அவன் தொழிலில் ஒரு பகுதியாகிவிட்டது.

உண்மையில் அவன், உள்ளங்கையளவு ஏஆர்எம் கணினிப் பலகைகளுக்கு உயிர் கொடுத்தான். அடித்தளமான கேர்னல் தொடக்கம் கடைசிச் சத்தக் கோப்பு வரை எல்லாவற்றையும் இமேஜ் என்ற ஒரே கோப்பாகக் கட்டி, நகமளவு மெமரி காட் ஒன்றில் எழுதிச் செருகினால் பலகை விழிக்கும். கட்டுகிற லப்டொப் வேறு இனச் சிப்பில் ஓடுவது; கட்டிய இமேஜ் அதில் ஓடாது. தான் ஒரு வாயும் உண்ணமுடியாத சோற்றை அது மணிக்கணக்காகச் சமைத்தது.

பலகைகள் ஆற்றோரக் கம்பங்களில் ஏறின. குளத்துக் கதவுகள் திறந்து ஆறு பெருகினால் ஒலிபெருக்கியில் சைரன் அடிக்கும். சனம் மேட்டு வீதிக்கு ஏறவேண்டும். ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டம். கரண்ட் அடிக்கடி போகிற ஊர் என்பதால் இமேஜில் எவரும் எதையும் எழுதமுடியாதபடி ரஜிதன் பூட்டியிருந்தான். ஆகவே அது கெடாது. ஆகவே திருந்தவும் திருந்தாது. ஒரு சத்தத்தை மாற்றுவதென்றாலும் முழு இமேஜையும் புதிதாகக் கட்டி, கம்பம் கம்பமாக ஏறிக் காட் மாற்றவேண்டும்.

வெயில் காலத்தில் ஒத்திகை நடந்தது. சைரன் அடித்ததும் ரஜிதனின் தாய் விமலேஸ்வரி குசினியிலிருந்து ஓடிவந்து, வேலியோர வாய்க்காலில் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டா. பக்கத்து வளவு இளையதம்பி அவவுக்கு முன்னமே அங்கே கிடந்தார். குண்டு போடப் பிளேன் வந்த காலத்தில் பங்கர் குழிக்குள் பாய்ந்து பழகிய உடம்புகள். யுத்தத்துக்குப் பிறகு பிறந்ததுகள் மட்டும் நின்று வீடியோ எடுத்தன. நிறுவனத்தின் இணைப்பாளர் பரமேஸ்வரன் அறிக்கையில் எழுதினார்: மக்கள் உடனடியாகச் செயற்பட்டனர். பொய்யில்லை.

"அம்மா, இது வெள்ளச் சத்தம். மேல ஏற வேணும், கீழ இல்லை."

"எனக்குத் தெரியுமடா. காலுக்கெல்லோ தெரியேல்லை."

"இளையதம்பி மாமா, நீங்களாவது?"

"நான் வாய்க்கால் துப்பரவோ எண்டு பாக்கப் போனனான்," என்றார் அவர், சாரத்தில் புழுதியைத் தட்டியபடி. "துப்பரவில்லை."

ரஜிதன் பரமேஸ்வரனிடம் போனான். "சேர், ஆறு பெருகினா அந்த வாய்க்கால்தான் முதல்ல நிரம்பும்."

"சத்தம் மேலிடத்தில அங்கீகரிச்சது, ரஜிதன். உலகம் முழுக்க இதுதான்."

"உலகம் முழுக்கப் பங்கருக்க இருக்கேல்லையே, சேர்."

"நல்ல கதை. அடுத்த கூட்டத்தில சொல்லுவம்."

கூட்டத்துக்கு முன்னம் மாரி வந்துவிடும். 'வீதிக்கு வாங்கோ' என்று தன் குரலைப் பதிந்து ரஜிதன் ஒரு இமேஜ் கட்டிப் பார்த்தான். தகரக் கூரைகளில் விழுந்த முதல் மழையே அந்தக் குரலைத் தின்றுவிட்டது. அதே மழைக்குள், வீதி வீதியாகப் பாண் ரொட்டி விற்கிற நஜீமின் ஓட்டோ, ஆட்களைக் கூப்பிடும் தன் வழக்கமான மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. விமலேஸ்வரி சொப்பிங் பையோடு வீதியில் நின்றா. இளையதம்பியும் நின்றார்.

"நஜீம் நானா, உங்கட மெட்டைத் தாங்கோ."

"தந்திட்டு நான் ஊளையிட்டோ தம்பி பாண் விக்கிறது?" என்றார் நஜீம். தந்தார்.

மெட்டை வைத்துக் கட்டிய இமேஜை ரஜிதன் ஒருவரிடமும் கேளாமல் கம்பங்களில் ஏற்றினான். மார்கழியில் குளம் திறந்தது. பட்டப்பகலில் மெட்டுக் கேட்டது. சனம் பையோடு வீதிக்கு ஏறி, பாண்காரனைக் காணாமல் திட்டிக்கொண்டு நிற்க, பின்னால் வளவுகளுக்குள் தண்ணீர் வந்தது.

"பாணும் இல்லை, வீடும் இல்லை," என்றார் இளையதம்பி.

ஒருவரும் சாகவில்லை. சாகாததால் விசாரணைக்கு நேரம் கிடைத்தது. விசாரணை முடிவு: அங்கீகாரமில்லாத இமேஜ், அனர்த்தத்தைக் கேலிக்குள்ளாக்கியது, பழைய சைரனை ஏற்றவும். ரஜிதன் மாட்டேன் என்றான்.

"நீர் செய்யாட்டி வேற ஆள் செய்யும். கட்டுற முறையை நீர்தானே வடிவா எழுதி வச்சிருக்கிறீர்," என்றார் பரமேஸ்வரன், அன்பாகத்தான்.

அதுவும் உண்மை. ஆர் கட்டினாலும் ஓர் எழுத்துப் பிசகாமல் அதே இமேஜ் வரவேண்டும் என்பது நல்ல வேலைக்காரனின் பெருமை. வேறு ஆள் கட்டியது. ஓர் எழுத்தும் பிசகவில்லை.

அடுத்த மாரியில் சைரன் திறமாக வேலை செய்தது. பரந்தன் வரைக்கும் கேட்டதாம். ரஜிதன் வீட்டில் நின்றபடியால், வாய்க்காலுக்கு ஓடிய தாயை இடுப்போடு அள்ளி வீதிக்குக் கொண்டுபோனான். அவா அவனுடைய தோளைக் கடித்தா. இளையதம்பியை அள்ள ஆளில்லை. தண்ணீர் வடிந்த பிறகு வாய்க்காலில் எடுத்தார்கள். அறிக்கையில் அவர், எச்சரிக்கைக்கு இணங்காதவர்.

இப்போது வானம் இருட்டினால் ரஜிதன் எங்கேயும் போவதில்லை. தாய்க்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, அவவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருக்கிறான்.

"விடடா, நோகுது," என்கிறா விமலேஸ்வரி.

அவன் விடுவதில்லை.