மீன்தொட்டிக்கு ஒரு மோட்டார்

அதிகமாகக் கவனிப்பதும் கெடுதலாகிவிடும் என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு இன்னும் தெரியவில்லை.

உக்கடத்தில் ஒரு கடையில் மிக்ஸியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு, மகனோடு காத்திருந்தேன். பக்கத்தில் ஏரியில் மீன் பிடிக்கும் ஒருவர் நின்றிருந்தார். முழங்கையில் செதில்கள் காய்ந்திருந்தன. கையிலிருந்த மோட்டாரின் சல்லடையில் சிக்கிய பாசியை ஊக்கால் எடுத்துக்கொண்டே இருந்தார். பிடித்த மீன் உயிரோடு கரைசேர, படகுத் தொட்டியில் தண்ணீர் ஓடவைக்கும் மோட்டார் அது.

"இதுக்குச் சின்னதா ஒண்ணு மாத்திக் குடுங்க" என்றார்.

"பெருசுதான் வேணும்னு அடம்புடிச்சீங்களே! மீனுக்கு ஃபேனும் மாட்டிரலாமுங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

அவர் சிரிக்கவில்லை. "நல்லா இருக்கட்டும்னுதானுங்க போட்டேன். தண்ணி வேகத்த எதுத்து நீந்தி நீந்தியே அத்தனையும் செத்துப்போச்சுங்க. பாத்துட்டேதான் இருந்தேன். சந்தோசமாத் துள்ளுதுன்னு நெனச்சுப்போட்டேன்."

மறுபடியும் ஊக்கைச் சல்லடைக்குள் விட்டு, மிச்சப் பாசியைத் தேடினார்.

என் மகனுக்கு மூச்சிளைப்பு உண்டு. அன்று வெயிலிலும் அவனுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன். அவன் நெற்றி வியர்த்திருந்தது. ஒன்றைக் கழற்றினேன், சளி பிடித்துவிடுமோ என்ற பயத்தில் மறுபடியும் மாட்டிவிட்டேன்.

இளைப்புள்ள குழந்தையை வளர்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்: சாயங்காலம் அவனைத் தெருவில் ஓடி விளையாட விடலாமா?