அக்காவுக்கு அறுபத்து மூன்றில் கல்யாணம்

அக்கா தொண்ணூற்றேழு வயதில் போய்ச் சேர்ந்தாள். "நிறைவா வாழ்ந்துட்டுப் போயிட்டாங்க" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் தம்பி டிரைவருக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. அவருக்கு வயது எண்பத்து நான்கு. பிறந்ததிலிருந்து அக்கா இல்லாத உலகத்தை ஒரு நாள்கூட அவர் பார்த்ததில்லை. தொண்ணூற்றேழு என்ன, நூற்றேழு என்றாலும் அவருக்கு அது அற்பாயுசுதான்.

மறுவாரம் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது, "அத்தை கல்யாணக் கதையைச் சொல்லுப்பா" என்று மகள் கேட்டாள்.

"அதைச் சொன்னா என் மானம் போயிடும்மா."

"போன மானம் போனதுதானே, சொல்லுங்க" என்றாள் அவர் மனைவி.

அக்கா அந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தாறு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். தபாலாபீஸ் மாடியில் ஒரு நீள அறை, ஒரே ஒரு ஜன்னல், எதிரே முழுக்க ஓட்டை ஓட்டையாக ஒரு பலகை. ஒரு ஒயரை உருவி வேறு ஓட்டையில் செருகுவாள்; இங்கே இருப்பவன் குரல் எங்கேயோ போய் ஒலிக்கும். யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், எந்த அண்ணன் எந்தத் தம்பியோடு பேச்சை முறித்துக்கொண்டான், எல்லாம் அவள் காது வழியாகத்தான் போகும். வாய் வழியாக ஒரு சொல் வெளியே வராது. "ஊர் வாயை மூட உலைமூடி இல்ல. என் வாயையாவது நான் மூடி வச்சுக்கிறேன்" என்பாள்.

அப்பா சீக்கிரமே போய்விட்டதால், பதின்மூன்று வயது இளைய தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவள் சம்பளம்தான். வரன்கள் வராமல் இல்லை. வந்தவர்களை அவள் குரலை வைத்தே தள்ளிவிட்டாள். "லைன்லயே மூணு நிமிஷம் தாங்காது இந்தக் குரல், ஆயுசு முழுக்க எப்படிடா?" என்பாள்.

அவள் தள்ளாத குரல் ஒன்று உண்டு. அது கடைத்தெரு பல் டாக்டருடையது. மனைவியைச் சின்ன வயதிலேயே இழந்தவர், பிள்ளைகள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தவறாமல் வெளியூரில் இருந்த தன் அண்ணனுக்கு டிரங்கால் போடுவார். அண்ணனுக்குக் காது மந்தம். தம்பி கத்தினாலும் கேட்காது; ஆனால் அக்காவின் கணீர்க் குரல் மட்டும் கேட்கும். அதனால் நடுவில் அவளே நின்று இரண்டு பக்கமும் எடுத்துச் சொல்வாள்.

"அங்க மழையான்னு உங்க அண்ணன் கேக்கிறார் டாக்டர்."

"தூறல்தான்னு சொல்லுங்கம்மா."

இப்படியே பதினாலு வருஷம். ஒருநாள் அண்ணன் இறந்துபோனார். அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கு டாக்டரின் விளக்கு பலகையில் எரிந்தது. "நம்பர் சொல்லுங்க" என்றாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா. பழக்க தோஷத்துல எடுத்துட்டேன்."

"பரவாயில்ல டாக்டர்" என்றவள் ஒயரை உருவாமலே, "மழை பெய்யுதா?" என்று கேட்டாள். அவள் ஜன்னலுக்கு வெளியேயும் அதே மழைதான் பெய்துகொண்டிருந்தது.

பிறகு மிஷின் வந்தது, எண்ணைச் சுற்றினால் நேராகப் போய்விடும். அக்காவும் ஓய்வு பெற்றுத் தம்பி வீட்டோடு இருந்தாள். டாக்டரை அவள் தெருவில் பார்த்திருக்கிறாள். அவருக்கு இவள் முகம் தெரியாது. இவளாகப் போய் "நான்தான்" என்று சொல்லிக்கொள்ளும் ரகமும் இல்லை.

அறுபத்து மூன்றாம் வயதில் பல்வலி வந்தது. கன்னம் வீங்கி, துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது சாட்சாத் டிரைவர்தான். டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார்.

"அவங்க சொல்லட்டுமே. எந்தப் பல்லும்மா?"

"கீழ் வரிசை, இடது பக்கம், கடைசி" என்றாள் அக்கா, டெலிபோன் நம்பர் சொல்வதுபோல.

டாக்டர் கையிலிருந்த குறடு தட்டில் விழுந்தது. "நீங்க... எக்ஸ்சேஞ்ச் அம்மாவா?"

"ஆமா டாக்டர். முதல்ல பல்லைப் பிடுங்குங்க, அப்புறம் பேசலாம். உயிர் போகுது."

அந்த ஒரு பல்லுக்கு அக்கா எட்டு முறை போய்வந்தாள். "முப்பத்திரண்டையும் கழற்றி மாட்டுறாரா என்ன?" என்று டிரைவர் கேட்டார். ஒன்பதாம் முறை போகும் முன் அவளே சொல்லிவிட்டாள், அவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று.

டிரைவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஊரு சிரிக்கும்கா!"

"சிரிக்கட்டும். பல் டாக்டருக்கு அதுவும் நல்லதுதானே?"

"இந்த வயசுல கல்யாணம் பண்ணி எத்தனை நாளைக்கு?"

"அது முன்னாடியே தெரிஞ்சா எந்த வயசுலயும் ஒருத்தரும் பண்ண மாட்டாங்கடா."

அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். விடிகாலை முதல் பஸ்ஸுக்கு அவரை எழுப்பி டீ கொடுத்து அனுப்புவது இருபத்தைந்து வருஷமாக அக்காதான். "மானம் போறதுல்ல உங்க கவலை, டீ போறதுதான்" என்று மனைவி போட்டு உடைத்தாள்.

பக்கத்து ஊர் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். அவர் போகவில்லை. வேண்டுமென்றே டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். விதி சும்மா விடுமா? ஊர் திரும்புகிற டிரிப்பில் அந்த ஆபீஸ் வாசல் ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தினால், பின்படியில் இரண்டு பேர் ஏறுகிறார்கள். பஸ்ஸில் நிற்கத்தான் இடம்.

"ரெண்டு டிக்கெட்" என்றது கணீரென்று ஒரு குரல்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அக்கா ஒரு கையில் குடை, மறு கையில் கைப்பை. டாக்டர் புது சட்டையில், கசங்கிவிடாமல் கூட்டத்துக்கு நடுவே ஒடுங்கி நின்றார். பஸ்ஸில் நின்று பழக்கமில்லாத மனுஷன் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கைகள் இரண்டும் சும்மா தொங்கின. எதிரே பாலத்து வளைவு வந்துகொண்டிருந்தது. அந்த வளைவில் எத்தனை பேர் மடியில் எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள் என்று டிரைவருக்குத் தெரியும். வாய் தன்னால் திறந்துகொண்டது.

"அத்தான், கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டாக்டர் கம்பியைப் பிடித்தார். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யாருண்ணே அத்தான்?" என்றான் கண்டக்டர்.

"எங்க அக்கா வீட்டுக்காரர். வேற யாரை அத்தான்னு கூப்பிடுவாங்க?" என்று எரிந்து விழுந்தார் டிரைவர். அதற்குப் பிறகு வண்டி நிறைகுடம் தளும்பாமல் நகர்வதுபோல நகர்ந்தது. "அண்ணே, சைக்கிள்காரன் நம்மளைத் தாண்டிப் போறான்" என்று கண்டக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

எத்தனை நாளைக்கு என்று கேட்டாரே, முப்பத்திரண்டு வருஷத்துக்கு. வாலிபத்தில் கட்டிக்கொண்ட எத்தனையோ பேருக்கு வாய்க்காத கணக்கு. ஆஸ்பத்திரி கீழே, வீடு மாடியில். வருஷத்துக்கு ஒரு ஊர் என்று இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். எல்லா ஊருக்கும் லைன் போட்டுக் கொடுத்தவள், அதுவரை ஒரு ஊரையும் கண்ணால் பார்த்ததில்லை. இறங்கியதும் முதலில் சொல்வது, "இந்த ஊர் லைன் எப்பவும் கரகரன்னு இரையும்" என்பதுதான். போக வேண்டிய ஊர்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்த நோட்டில், அந்த ஊர்ப் பெயருக்கு எதிரே டாக்டர் அதை எழுதிக்கொள்வார். டிரைவரும் மனைவியும் ஒருமுறை அவர்களோடு போனார்கள். வழியெல்லாம் சீட்டில் உட்கார்ந்தபடியே டிரைவர் வலது காலால் பிரேக் போட்டுக்கொண்டு வந்ததில், கால் வீங்கியதுதான் மிச்சம்.

டாக்டர் தொண்ணூற்றெட்டு வயதில் காலைப் பேப்பர் படித்துக்கொண்டே கண் மூடினார். காரியம் முடிந்ததும் அக்கா மாடி வீட்டைப் பூட்டினாள். பிறகு தம்பி வீட்டுக்கே வந்து, இரண்டு வருஷம் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று அவரோடு தினமும் மல்லுக்கட்டினாள். கடைசி நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் படுக்கிறேன், டிவியைக் குறைடா" என்றாள். அவர் குறைத்தார். நாலு மணிக்கு எழுப்பப் போனபோது அவள் எழுந்திருக்கவில்லை.

சொல்லி முடித்துவிட்டு டிரைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, டாக்டரின் நோட்டில் இன்னும் பார்க்காத ஊர் ஒன்று பாக்கி இருக்கிறது, திங்கட்கிழமை கிளம்பலாமென்று இருக்கிறேன் என்றார்.

"உங்களுக்கு எண்பத்து நாலு வயசு, ஞாபகம் இருக்கா?" என்றாள் மனைவி.

"அவ்வளவுதானே ஆகுது" என்று சொல்லிவிட்டு, பரணில் பெட்டி இருக்கிறதா என்று பார்க்க எழுந்தார்.