வரிசையில் நின்ற கார்

நான் வைத்திருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய டர்போ செடான். ஆபீஸில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு ஸ்பீடு போகும்? தெரியாது. திருவொற்றியூரில் இருந்துகொண்டு அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. தெருவைவிட்டு வெளியே வந்தால் கன்டெய்னர் லாரிகள். அவற்றின் பின்னால் முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல். மிதித்தால் சீறும் வண்டிதான்; மிதிக்க இடம் வேண்டுமே. காலையில், அனல்மின் நிலையத்திலிருந்து பறந்து வந்து கண்ணாடியில் படிந்த சாம்பலைத் துடைக்கிறேன். ராத்திரி, கிளட்ச் மிதித்து மரத்துப்போன இடது முழங்காலைத் தேய்க்கிறேன்.

அப்பா அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டுகிறவர். என் காரில் அவர் ஏறியதே இல்லை. கூப்பிட்டால், "அதுவும் இதே ரோட்லதானே போவுது," என்பார்.

போன கோடையில் துறைமுக கேட் வரைக்கும் ஒரே வரிசை. அப்பா இரண்டு ராத்திரியாக அதில் இருந்தார். முந்தின வாரம்தான் இப்படி ஒரு வரிசையில் கண் அசந்து, முன்னால் நின்ற வண்டியை இடித்திருந்தார். இன்னொரு தடவை இடித்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அம்மா சோத்துத் தூக்கை என்னிடம் கொடுத்து, "போன்ல கொரலே சரியில்ல. போய்ப் பாரு," என்றாள்.

போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. கேபினுக்குள் அடுப்பு மாதிரி சூடு.

"எறங்கி வாப்பா. கார்ல ஏசி கீது. கொஞ்சம் படு."

"லைன் நவுந்துச்சின்னா?"

பின்னால் நின்ற லாரியின் டிரைவர் இதைக் கேட்டு இறங்கி வந்தார். வரிசையில் ஒருவர் வண்டியை இன்னொருவர் நகர்த்திக் கொடுப்பது வழக்கம்.

"சாவிய உட்டுட்டுப் போணா. ரெண்டையும் நானே நவுத்திக்கிறேன். இன்னா, ராக்கெட்டா உடப் போறோம்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா நைனா, அவரு எழுந்தா அடுத்தது நானு. இப்பவே சொல்லிட்டேன்."

ஓரங்கட்ட இடமில்லை. அப்பாவின் லாரிக்கு முன்னால் இருந்த இடைவெளியில் காரை நுழைத்தேன். அப்பா செருப்பைக் கழற்றி ரோட்டில் விட்டுவிட்டு ஏறினார். நான் இறங்கிப் போய் அதை எடுத்து உள்ளே வைத்தேன். தூக்கை அவர் திறக்கவில்லை. சீட்டைச் சாய்த்ததும் தூங்கிவிட்டார்.

அவ்வளவு கவனமாக நான் வண்டி ஓட்டியதே இல்லை. கொஞ்சம் அழுத்தினாலும் முட்டிக்கொண்டு கிளம்பும் எஞ்சின். அதை அப்பாவின் தலை அசையாமல் உருட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் பின்னால் அந்த டிரைவர் அப்பாவின் லாரியை நகர்த்திவிட்டு, இறங்கி ஓடிப்போய்த் தன்னுடையதை நகர்த்தினார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பக்கத்தில் மீன் வண்டி ஓட்டிக்கொண்டு போனவன், "இன்னா மாமு, டிக்கிலயா கன்டெய்னரு?" என்று கத்தினான். வேறொரு நாளாக இருந்தால் சுருக்கென்றிருக்கும். சத்தம் உள்ளே வராதபடி, விரலளவு இறக்கியிருந்த கண்ணாடியையும் ஏற்றிவிட்டேன். பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. ஏசியை அணைக்க மனம் வரவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு அப்பா தானாகவே விழித்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"எஞ்சின் ஓடுதா?"

"ஓடுதுப்பா."

"சத்தமே இல்ல." காரைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். தூக்கில் இருந்ததை நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். "போய்ப் படுறா, நான் பாத்துக்கிறேன்," என்று பின்னாலிருந்த டிரைவரிடம் போய்ச் சொன்னார்.

அந்த டிரைவர் டீசலும் வேர்வையுமாக வந்து சீட்டில் விழுந்தார். "எவ்ளோ ஸ்பீடு போவும் நைனா இது?" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் குறட்டை கேட்டது.

முன்னால் இருந்த லாரி நகர்ந்தது. நானும் உருட்டிக்கொண்டு போய் நிறுத்தி, பின்னால் பார்க்கும் கண்ணாடியையே கவனித்தேன். அப்பாவின் லாரி மெல்ல வந்தது. கண்ணாடி முழுக்க நிறைந்தது. தேவையான இடைவெளி விட்டு நின்றது. கதவு திறந்தது. அப்பா இறங்கி, அடுத்த லாரியை நகர்த்தப் பின்னால் நடந்தார்.