தொழில்: குரல் கொடுப்பவள்

நம்புவதும் நம்பாததும் படிப்பவர் பாடு. முருகேஸ்வரிக்கு இது நடந்தது. சென்ற ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில், இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலையாட்களின் வருகையைப் பதியும் மஸ்டர் ஆபீசில் நடந்தது.

நர்சிங் சீட் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. 1950க்கு முன்பே குடும்பம் இந்த மலையில் இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். திங்கட்கிழமைக்குள் சான்றிதழ் கொடுக்காவிட்டால் சீட் போய்விடும். கைக்கு அகப்பட்டது ஒன்றே ஒன்று: 1941 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தோட்டத்து எழுத்தர் அந்நாளில் தமிழில் படியெடுத்து வைத்த நோட்டு. நான்காம் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பதினேழு பேர். கடைசிப் பெயர் அவளுடைய பூட்டி, அழகுத்தாய். மற்றவர்களின் தொழில் எளிதில் புரிந்தது. கொழுந்து பறிப்பு, கவாத்து, விறகு வெட்டு. அழகுத்தாய்க்கு நேரே மட்டும் 'குரல் கொடுப்பவள்' என்றிருந்தது.

இதை எந்த அதிகாரி தொழிலென்று ஏற்பார்? விளக்கம் எழுதி இணைக்க வேண்டும்.

"ஒங்க பூட்டி மைக்செட்டு வச்சிருந்திருக்கும் புள்ள" என்றார் கிளார்க் ராஜசேகர்.

"வெளாடாதீங்கண்ணே. காவக்காரின்னு எழுதட்டுமா?"

"எழுதி வையி. ஃபேக்டரிக்குப் போயி சீல் எடுத்துட்டு வாறேன்."

அவர் போனபோது மணி 3.10. சற்று நேரத்தில் மூடுபனி இறங்கியது. சன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு மறைந்துபோயிற்று.

3.24. சரிவின் அடியிலிருந்து ஓர் ஆண்குரல்.

"மொக்கையன்..."

பதில் இல்லை. மீண்டும் அழைத்தது. பதில் இல்லை.

தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. மூடுபனியில் பெயர் சொல்லி ஆள் எண்ணும்போது, மூன்றாம் முறையும் பதில் வராவிட்டால் அத்தனை பேரும் தேடச் சரிவில் இறங்க வேண்டும். ஆகவே அந்த ஆள் பத்திரமென்று அறிந்த யாராவது 'இருக்காக' என்று சொல்லிவிடுவார்கள். லயத்தில் பிறந்தவளுக்கு அது நாக்கிலேயே ஊறிப்போன சொல்.

"மொக்கையன்..."

"இருக்காக!" என்றாள், நோட்டிலிருந்து தலை நிமிராமலே.

அப்புறம்தான் உறைத்தது. அன்று கொழுந்தெடுப்பு இல்லை. கீழே யாரும் இல்லை.

"ராமலட்சுமி..."

அவளது விரல் நோட்டின் இரண்டாவது வரியில் இருந்தது. அங்கும் ராமலட்சுமி.

பேசக்கூடாது என்று நினைத்தாள். வாய் திறந்துகொண்டது. "இருக்காக!"

மூன்றாவது பெயர். நான்காவது. அதே வரிசை. ஒவ்வொரு பெயருக்கும் குரல் ஒரு வரிசைச் செடி தாண்டி மேலே வந்தது. பல்லைக் கடித்தாள். பல்லைத் தாண்டி வந்தது சொல்.

3.31. பதினாறு பெயர்கள் முடிந்தன.

குரல் இப்போது வாசலில்.

"அழகுத்தாய்..."

இரு கைகளாலும் வாயைப் பொத்தினாள்.

"அழகுத்தாய்..."

அழுத்தினாள். மூச்சு முட்டியது.

"அழகுத்தாய்..."

அவள் சொல்லவில்லை.

"இருக்கேன்."

அவளுக்குப் பின்னால்... அறைக்குள்ளிருந்து.

3.35க்கு ராஜசேகர் சீலுடன் வந்தார். "யாரு புள்ள கூட? ரெண்டு பொம்பளைக் கொரலு கேட்டுச்சே?"

திங்கட்கிழமை சான்றிதழ் கிடைத்தது. ஆனால் ஆதாரமாக ஏற்கப்பட்டது அந்த நோட்டு அல்ல. வில்லேஜ் ஆபீசில் தேடியெடுத்த பழைய இறப்புப் பதிவேடு. 1941 பெப்ரவரியில் நான்காம் லயத்தில் காலரா. ஒன்பதே நாளில் பதினேழு பேரும் இறந்தார்கள். கடைசியாக, பதினெட்டாம் தேதி, அழகுத்தாய். போடியில் உறவினர் வீட்டில் விட்டிருந்த அவளுடைய மகன் மட்டும் மிஞ்சினான்.

கணக்கெடுப்பு நோட்டின் தேதி மார்ச் ஒன்று. பக்கத்தின் அடியில், கணக்கெடுக்க வந்தவரின் குறிப்பு, எழுத்தரின் கையெழுத்தில் இரண்டு வரிகள்:

'மூடுபனியால் ஆட்களைக் காண இயலவில்லை. பெயர் சொல்லி அழைத்து, ஒரு பெண்குரலில் பதில் வந்தவர்களை மட்டும் பதிந்தேன்.'