மடுவில் நின்ற அழகி

அழகியைப் பைத்தியம் என்றவர்கள் நாசமாய்ப் போகட்டும். நானும் அவர்களில் ஒருவன்தான். என்னையும் சேர்த்தேதான் திட்டுகிறேன்.

அவள் எங்கள் ஊர் மீன்காரி. புருஷன் செத்த பிறகு, மீனை அமுக்கிப் பிடிக்கும் ஊத்தா என்ற மூங்கில் கூடை ஒன்றை நம்பிப் பிழைத்தவள். மலையடிவாரத்திலிருந்து எங்கள் கண்மாய் வரை ஆறு முழுக்க அவளுக்கு அத்துப்படி. மேலே பாறைகளுக்கிடையே கல்லோடு ஒட்டிக் கிடக்கும் விரல் நீள மீன்; அது கீழே இறங்காது. தெளிந்த தண்ணீர் மணலில் ஓடும் இடத்தில் அயிரை. கண்மாய்க்குச் சற்று மேலே ஆழமான மடு, அங்கே விராலும் கெளுத்தியும். கோடையில் கண்மாய் வெடித்துக் கிடக்கும்போதும் மடு வற்றாது. ஐப்பசியில் ஆறு பெருகினால் அந்தத் தாய்மீன்கள்தான் கண்மாய்க்குள் இறங்கிப் பெருகும். அதனால் கோடையில் மடுவில் அவள் ஊத்தா போடமாட்டாள். பட்டினி கிடந்தாலும் போடமாட்டாள்.

அறுபத்தெட்டாம் வருஷக் கோடையில் ஒரு மீன்துறை அதிகாரி வந்தார். கண்மாயில் கட்லா, ரோகு குஞ்சு விடலாம், அதற்குமுன் கண்மாயில் இருக்கும் நாட்டு மீனை இலுப்பைப் புண்ணாக்கு கரைத்துக் கொன்றுவிடுங்கள் என்றார். அவர் சொன்னது கண்மாயை. எங்கள் ஊர்த் தலைவரான அம்பலம் பெரியகருப்பனுக்கு அவரைவிட அதிகம் தெரியுமே!

"கம்மாய் காஞ்சு கெடக்கு. மீனு பூராம் மடுவுலதான் இருக்கு. அங்கயே சோலிய முடிச்சிருவோம்" என்றார். ஊரே தலையாட்டியது. தலையாட்டுவதற்கென்றே பிறந்த ஊர்!

புண்ணாக்கு மூட்டைகளோடு மடுவுக்குப் போனோம். அழகி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள்.

"அம்பலம், இதக் கொன்னுபுட்டா கம்மாய்க்கு மீனு எங்குட்டு இருந்து வரும்? நீங்க விடப்போற குஞ்சு வெள்ளத்துல கலுங்கு தாண்டிப் போயிரும்யா!"

"ஏய், வெளிய வா. பைத்தியக்காரி மாதிரிப் பேசாத."

"என்னைய மிதிச்சிட்டுப் போங்க. நான் வரமாட்டேன்."

இரண்டு பேர் அவள் கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். ஒருவன் நான். "சோணைமுத்து, நீயுமாடா?" என்றாள். நான் மூட்டையை அவிழ்த்தேன். சாயங்காலம் கைநீள விரால்கள் வயிறு வெளுத்து மிதந்தன. வெட்கங்கெட்ட நாங்கள் அதையும் அள்ளிக்கொண்டுபோய்க் குழம்பு வைத்தோம்.

கண்மாயில் தண்ணீர் வந்ததும் விட்ட குஞ்சுகளெல்லாம், ஐப்பசி வெள்ளத்தில், மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்கு வழியே ஓடிப்போயின. அடுத்த வைகாசியில் கண்மாயில் ஊரே இறங்கி மீன் பிடிக்கும் நாள். அம்பலம் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினார். முன்னூறு பேர் ஊத்தாவோடு பாய்ந்தோம். மத்தியானம் வரை துழாவியும் சேற்றுக்குள் புதைந்து தப்பிய நாலைந்து குறவை மீன்தான் கிடைத்தது. கரையில் குழம்புச்சட்டியோடு காத்திருந்த பெண்கள் எங்களைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

அம்பலம் என்னைக் கூட்டிக்கொண்டு அழகி வீட்டுக்கு நடந்தார். செங்கல் சூளைக்குக் கூலிக்குப் போய் வந்திருந்தவள் கைகால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அழகி, மேல மலைப்பக்கம் மீனு கெடக்குமில்ல? பிடிச்சாந்து மடுவுல விட்டா என்ன?"

"கெடக்கு, கல்லுக்குள்ள. இங்க கொண்டாந்து விட்டீகன்னா மூணு நாளு தாங்காது. அததுக்கு ஒரு எடம் இருக்கு அம்பலம். எனக்கும் ஒரு எடம் இருந்துச்சு."

"சரி, பழச விடு. ஊத்தாவ எடுத்துக்கிட்டு வா, எங்கயாச்சும் தேடுவோம்."

அழகி அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"ஊத்தாவ அன்னிக்கே அடுப்புல வச்சு எரிச்சிட்டேன். நீங்க விரால் குழம்பு வச்சீகல்ல, அதே ராத்திரி."