கோமளம் எழுதிய கடைசிப் பத்தி

ஜெயவேலுவின் உயிர் விரல் உயரக் குப்பி ஒன்றில் இருந்தது. இருபத்து மூன்று வயதில் அவனுக்கு வந்த சர்க்கரை நோய், உடம்பு இன்சுலினைத் துளியும் சுரக்காத வகை. காலையில் ஓர் ஊசி, மாலையில் ஓர் ஊசி. விட்டால் சில நாள்தான். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த அவனுக்கு அந்தக் குப்பிகளைப் பெங்களூரிலிருந்து கொண்டுபோனவள் தங்கை கோமளம். மாதம் இரண்டு ஞாயிறு, பெங்களூர் ஒக்கலிபுரத்தில் தான் தங்கியிருந்த அறையைப் பூட்டிவிட்டு, ஐஸ் போட்ட பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருப்பாள்.

"என் உயிரைச் சிந்தாம கொண்டாந்தியா?" என்பான் அவன் வாசலிலேயே.

கோமளம் எதையும் லேசில் நம்பாதவள். அப்பா சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்டு இருமிக்கொண்டிருந்த காலத்தில், வெள்ளைக் கோட்டும் ஒலிபெருக்கியுமாகச் சந்தைக்கு வந்த ஒருவன் ஜெர்மன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த நுரையீரல் டானிக் என்று ஒன்றை விற்றான். அப்பா ஒன்பது புட்டி குடித்தார். பத்தாவதைத் திறப்பதற்குள் பாடை கட்டிவிட்டார்கள். பதினைந்து வயதுக் கோமளம் அந்தப் புட்டியைப் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய்க் காய்ச்சினாள். அடியில் தங்கியது கருகிய வெல்லம். அறிவியல் மேல் அவளுக்குப் பெரிய மரியாதை இருந்தது. அதனால்தான் அதன் பெயரைச் சொல்லிப் பிழைப்பவர்கள் மேல் அத்தனை ஆத்திரம்.

வீட்டில் யார் எந்த அதிசயத்தைச் சொன்னாலும் கேட்பாள்: "எத்தனை பேருக்குக் கொடுத்தாங்க? கொடுக்காதவங்க என்ன ஆனாங்க? செலவு யாரோடது?"

"பொழுது விடிஞ்சுதுன்னு சொன்னாகூட எத்தனை பேர் பார்த்தாங்கன்னு கேப்பா என் தங்கச்சி" என்று ஜெயவேலு சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் பெருமையும் இருந்தது.

அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலை, ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர்ப் பதிப்பில் அறிவியல் பக்கம். செய்தி நிறுவனம் ஆங்கிலத்தில் அனுப்புவதைத் தமிழாக்கி, கீழே 'தமிழில்: கோமளம்' என்று போடுவார்கள். வந்ததை அப்படியே அவள் போட்டதில்லை. தொலைபேசியில் விசாரித்து, தெரிந்த பேராசிரியர்களைக் கேட்டு, சந்தேகங்களைக் கடைசிப் பத்தியில் எழுதிச் சேர்ப்பாள். முதல் பத்தியில் வைக்கத்தான் அவளுக்கு ஆசை. ஆசிரியர் இளங்கோவன் விடவில்லை.

"சந்தேகத்தை மேல வெச்சா எவன்மா கீழ படிப்பான்? செய்தி முதல்ல. உங்க கேள்வியெல்லாம் கடைசில."

பக்கம் ஒட்டுகிறவர் டெஸ்மண்ட். அச்சான பத்திகளைப் பிளேடால் வெட்டிப் பெரிய தாளில் ஒட்டுவது அவர் வேலை. விளம்பரம் வந்து இடம் குறைந்தால் செய்தியை அடியிலிருந்து நறுக்குவார். அதுதான் எல்லாப் பத்திரிகையிலும் முறை. சந்தேகங்கள் குடியிருந்ததும் அதே அடியில்தான். ஏழு வருஷத்தில் எத்தனை முறை தன் கேள்விகள் டெஸ்மண்டின் காலடியில் சுருண்டு கிடக்கப் பார்த்திருக்கிறாள்.

1999 ஆகஸ்டில் அந்தச் செய்தி வந்தது. வடநாட்டில் ஏதோ ஓர் ஆய்வுக்கூடம், காட்டுமர விதை ஒன்றின் பொடியால் சர்க்கரை நோய் தீரும் என்று அறிவித்திருந்தது. கோமளம் இரண்டு நாள் துருவினாள். சோதித்தது பன்னிரண்டு எலிகளை, பதினான்கு நாள். பொடி கொடுக்காத எலிகளோடு ஒப்பிடவே இல்லை. ஆய்வுக்குச் செலவழித்தது பொடி தயாரிக்கும் கம்பெனி. இத்தனையையும் எழுதி, 'இன்சுலின் போடுகிறவர்கள் ஊசியை நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து' என்று முடித்தாள்.

வியாழக்கிழமை பக்கத்தைப் பிரித்தாள். 'இனி ஊசி வேண்டாம்' என்று தலைப்பு. கடைசிப் பத்தி இருந்த இடத்தில் ஒரு புடவைக் கடை.

"டெஸ்மண்ட் சார், ஏழு வரி. அந்த ஏழு வரிதான் சார் செய்தியே."

"மத்தியானம் விளம்பரம் வந்துச்சும்மா. தலையையா வெட்டச் சொல்றீங்க? பேஜார் பண்ணாதீங்க."

நறுக்கிய துண்டைக் குப்பைக் கூடையில் தேடி எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு இளங்கோவனிடம் போனாள். விளக்கம் போட வேண்டும் என்றாள்.

"போட்டதுல பொய் ஒண்ணும் இல்லையே, கோமளம். அவங்க சொன்னாங்க, நாம போட்டோம். அடுத்த வாரம் பார்க்கலாம்."

யாரோ முகம் தெரியாத வாசகர்களுக்காக அவள் அன்று சண்டை போட்டாள். அண்ணன் நினைவு வரவில்லை. இத்தனை வருஷம் தன் கேள்விகளைக் கேட்டுப் பழகியவன், அவனுக்குத் தெரியாதா என்ற நம்பிக்கை. வாழ்க்கையில் அவள் சோதித்துப் பார்க்காமல் நம்பியது அது ஒன்றைத்தான்.

அடுத்த புதன்கிழமை இளங்கோவன் ஒரு கட்டு அஞ்சலட்டைகளோடு வந்தார். முகமெல்லாம் குஷி. "பொடி எங்க கிடைக்கும்னு எல்லாரும் கேக்கறாங்க. கடை விலாசத்தோட இன்னொண்ணு எழுதுங்க."

அவள் வாய் திறக்குமுன் தொலைபேசி அடித்தது. தங்கவயல் பூத்திலிருந்து அண்ணி தனலக்ஷ்மி.

"கோமளா, உங்கண்ணனுக்கு மூச்சு ரொம்ப வாங்குது. வாந்தி நிக்கல. வாயில அழுகின பழ வாசனை அடிக்குது."

"ஊசி போட்டாரா அண்ணி?"

"ஊசி நிறுத்தி ஆறு நாளாச்சே. பொடிதான சாப்பிடறாரு, நீ எழுதின பொடி. பேட்டை மருந்துக் கடைல உன் பேப்பரையே வெட்டித் தொங்க விட்டிருக்காங்க."

"யார் அண்ணி நிறுத்தச் சொன்னது?"

"நான் வேணான்னுதான் சொன்னேன். அவர் கேக்கல. எதையுமே நம்பாத என் தங்கச்சி இதை எழுதியிருக்கான்னா எத்தனை தரம் சோதிச்சிருப்பாங்கறாரு."

அவனை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சொல்லிவிட்டு அவள் ரயிலைப் பிடித்தாள். போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நினைவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு இறந்தான். வீட்டு மண்பானைக்குள் அவள் கொண்டுவந்த குப்பிகள் மூன்று, மூடி திறக்காமல், குளிர்ச்சியாக இருந்தன.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி வந்து உட்கார்ந்தாள். அவள் புருஷனும் ஊசி போடுகிறவன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கேட்டாள்.

"கோமளா, அந்தப் பொடி இங்க தீர்ந்துபோச்சாம். பெங்களூர்ல கிடைக்குமா?"

கோமளம் அவளைப் பார்த்தாள். "அந்தப் பொடியாலதான்க்கா அண்ணன் செத்தாரு."

"அப்படிச் சொல்லாதம்மா. அவருக்கு முத்திப்போச்சு, லேட்டா ஆரம்பிச்சாரு. நீ எழுதினது பொய்யாவா இருக்கும்?"

கோமளம் கைப்பையைத் திறந்து அந்தத் துண்டை எடுத்தாள். ஏழு வரிகளையும் வாசித்தாள். எலிகளை, நாட்களை, கம்பெனியை, கடைசி வாக்கியத்தை. ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று நிதானமாகச் சொன்னாள். பாஞ்சாலி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் துண்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இது பேப்பர்ல வரலியே" என்றாள்.

"வரல."

பாஞ்சாலி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். "அதெல்லாம் சரிம்மா. நீ அடுத்த ஞாயிறு வரப்போ ரெண்டு பாக்கெட் வாங்கியா. உன் கையால வந்தா நம்பிச் சாப்பிடுவாரு."